ஆஷ் துரையின் வண்டியில் ஏறியது யார்?

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஏப்ரல் 14 ராத்திரி. தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளிகள் குடியிருக்கிற ஒரு தெருவில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். மைக் என் கைக்கு வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் தூங்கி விழுகின்றன. விடியுமுன் அளத்துக்குப் போக வேண்டிய பெண்கள் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். கூட்டத்தை உட்காரவைக்க எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. ஆஷ் துரை கதையை எடுத்துவிட்டேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். சேரிப் பெண்ணொருத்திக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்கு நேர்வழி அக்கிரகாரம். அதற்குள் அவள் போகக்கூடாது. சுற்றிப் போனால் தாயும் பிள்ளையும் பிழைக்காது. அந்நேரம் அவ்வழியே வந்த கலெக்டர் ஆஷும் துரைசானியும் அவளைத் தங்கள் வண்டியில் ஏற்றி அக்கிரகாரத்துக்குள்ளேயே ஓட்டச் சொல்கிறார்கள். மறித்தவனுக்குச் சாட்டையடி. அடிபட்டவன் வாஞ்சிநாதன், சிலர் சொல்லும்போது வாஞ்சியின் அப்பா. இன்னொரு வடிவத்தில் குற்றால அருவியும் சேர்ந்துகொள்ளும். அந்த அடிக்குப் பழியாகத்தான் மணியாச்சியில் துப்பாக்கி வெடித்தது, தேசமாவது விடுதலையாவது!

சனம் கைதட்டியது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் டீக்கடையில் ஒருவர் பிடித்துக்கொண்டார். நம்மோடு நன்றாகப் பழகுவார். நம்ம தெருவுக்கு வந்தால் ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டார், அப்படிப்பட்ட மனுஷர். "என்ன அண்ணாச்சி, ஆஷ் துரைக்குச் சிலை வச்சாச்சா? சாட்சியே இல்லாத கதைய இப்பிடி ஜோடிக்கியளே, அப்போ கொடியங்குளமும் இப்பிடி ஜோடிச்சதுதானா?"

குடித்த டீ தொண்டையிலேயே நின்றது. கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் என் கையில் பதில் இல்லை. கொடியங்குளத்துக்குச் சாட்சி உண்டு, ஊரே சாட்சி. ஆஷ் கதைக்கு? யாரோ சொன்னதை நான் சொன்னேன், அவர் யாரிடம் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததையும் கிடைக்காததையும் இங்கே வைக்கிறேன். என்னைத் துரோகி என்கிறவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லட்டும்.

முதலில் ஆஷை எங்க ஊர்க் கண்ணால் பார்த்துவிடலாம். ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ், அயர்லாந்துக்காரர், ஐ.சி.எஸ். அதிகாரி. 1908-ல் தூத்துக்குடியில் சப்-கலெக்டர். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக் கம்பெனிக்குச் சாதகமாகவே அதிகாரிகள் நடந்தார்கள், அதில் ஆஷுக்கும் பங்குண்டு என்பது சுதேசிகளின் குற்றச்சாட்டு. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். மில்லை நடத்தியது ஹார்வி கம்பெனி. விடியலுக்கு முன்னே போய் இருட்டின பிறகு திரும்புகிற வேலை. ஆணோடு பெண்ணும் பிள்ளையும் உழைத்த மில். வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடையாது, கூலியோ அற்பம். அந்தச் சனம் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் கேட்டு நின்றபோது ஆஷ் எந்தப் பக்கம் நின்றார்? போலீசை வரவழைத்தார், கூட்டம் போடத் தடை விதித்தார். மில் முதலாளி பக்கம் நின்றார். வேலைநிறுத்தம் ஜெயித்தது ஆஷால் அல்ல, ஆஷையும் மீறி.

இந்த மனுஷரைத்தான் நம் மேடைகளில் ஒடுக்கப்பட்ட சனத்தின் ரட்சகராக நிறுத்தினோம். பாளையங்கோட்டையில் இருக்கிற அவர் கல்லறைக்கு மாலை போடுகிற வரைக்கும் போனது. கூலிக்காரன் வயிற்றில் அடித்த முதலாளிக்குத் துணைபோன அதிகாரியை, அவரைக் கொன்றவன் பிராமணன் என்ற ஒரே காரணத்துக்காக நம்மவராக்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. முனிசிபல் ஆபீசு, தபாலாபீசு, போலீஸ் ஸ்டேஷன், மண்ணெண்ணெய்க் கிடங்கு எல்லாம் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஆஷ்தான் அந்தச் சூட்டுக்கு உத்தரவிட்டார் என்று எத்தனையோ மேடையில் கேட்டிருப்பீர்கள். அன்றைக்குத் திருநெல்வேலிக் கலெக்டர் விஞ்ச் துரை. ஆஷ் தூத்துக்குடியில் சப்-கலெக்டர். பிற்பாடு சுடப்பட்டவர் ஆஷ் என்பதால் முந்தின குற்றமெல்லாம் அவர் தலையில் ஏறிவிட்டது. கதை ஜோடிப்பதை நாம்தான் ஆரம்பித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேசபக்தர்கள் நமக்கு முன்னாடியே கடை திறந்துவிட்டார்கள்.

வழக்கு எப்படி நடந்தது? பேச்சைக் கேட்டு போலீசார் எழுதிவைத்த குறிப்புகளும் சாட்சியாக வந்தன. ஜட்ஜ் பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதை ஆறு வருஷமாகக் குறைத்தது. அதே பேச்சு, அதே காகிதம். ஒரு கோர்ட்டில் நாற்பது வருஷம், இன்னொரு கோர்ட்டில் ஆறு வருஷம். பீதியில் இருக்கிற சர்க்காருக்குத் தராசு முள் நேராக நிற்காது. கொந்தளிப்பு என்றால் தெருவில் நிற்கிற சனத்துக்கு மட்டும் வருகிற வியாதி என்றே எழுதுகிறார்கள். ஜட்ஜுக்கும் வரும், கலெக்டருக்கும் வரும், பத்திரிகைக்காரனுக்கும் வரும்.

எங்க ஊரில் நூற்றுப்பத்து வருஷம் கழித்து அதுவே மறுபடி நடந்தது. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிக் கலெக்டர் ஆபீசுக்குப் போன சனத்தைச் சுட்டார்கள். பதிமூன்று உயிர். பிணம் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே 'சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பெரிய சினிமா நடிகர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். ஆலைப் புகையில் இருமிய சனம் ஒரே வாரத்தில் சந்தேகத்துக்குரிய சனமாகிப்போனது. அந்தப் பேச்சுக்கு எதிராக நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். சனம் தூண்டாமலே போலீஸ் சுட்டது என்றது அறிக்கை; 17 போலீசார் மீதும் அப்போதைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. வதந்திக்கு ஒருநாள் போதுமாக இருந்தது, அதை மறுக்கிற காகிதத்துக்கு நாலு வருஷத்துக்கு மேல்.

மணியாச்சிக்கு வருவோம். 1911 ஜூன் 17, காலை. ஆஷ் அப்போது திருநெல்வேலியின் தற்காலிகக் கலெக்டர். பிள்ளைகளைப் பார்க்கக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட்மெயிலுக்காக வண்டி நிற்கிறது. வாஞ்சி பெட்டிக்குள் ஏறிச் சுட்டான். பிளாட்பாரக் கக்கூசுக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டான். சட்டைப் பையில் ஒரு கடிதம். பிற்பாடு அந்த ஸ்டேஷனுக்கே அவன் பேரை முன்னால் ஒட்டி 'வாஞ்சி மணியாச்சி' ஆக்கினார்கள்.

பிரசவ வலிக் கதைக்கு வாஞ்சியின் ஊரிலேயே ஒரு தடை இருக்கிறது. அவன் செங்கோட்டைக்காரன். புனலூரில் காட்டிலாகாவில் வேலை. செங்கோட்டையும் சரி, புனலூரும் சரி, அன்றைக்குத் திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. செங்கோட்டை நம்ம பக்கம் சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். செங்கோட்டை அக்கிரகாரத்துக்குள் வண்டியை விட்டு, ராஜாவின் குடிமகனைச் சாட்டையால் அடிக்க இங்கிலீஷ் கலெக்டருக்கு என்ன அதிகாரம்? அடித்திருந்தால் அது இரண்டு சர்க்காருக்கு நடுவே காகிதம் பறக்கிற விஷயம். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, அந்தப் பெண் யார், குழந்தை பிழைத்ததா? கதை சொல்கிற யாரிடமும் இவற்றுக்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லாமல்தான் மைக்கைப் பிடித்தேன்.

இரண்டாவது, வழக்கு. ஆஷ் கொலைச் சதி வழக்கில் பதினான்கு பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். அவர்களில் சங்கரன் நாயர் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். அப்ரூவர்கள் வாய் திறந்தார்கள், வீடுகளைச் சோதனை போட்டார்கள், கடிதங்களைத் தோண்டினார்கள். கலெக்டரைக் கொல்லக் காரணம் என்ன என்பதுதான் சர்க்கார் தேடிய முதல் சங்கதி. ஒரு தீண்டாத பெண்ணுக்கு இரங்கிய துரையைச் சாதித் திமிரில் கொன்றார்கள் என்று சொல்ல ஒரு நூலிழை கிடைத்திருந்தால் சர்க்கார் விட்டிருக்குமா? லண்டன் வரைக்கும் தம்பட்டம் அடித்திருக்கும். சர்க்கார் சொன்னது அரசுக்கு எதிரான சதி. வழக்கு நின்றதும் அதன் மேல்தான்.

இப்போது கடிதத்தைப் பார்ப்போம். அதில் வெள்ளைக்காரன் நாட்டைப் பிடித்த கோபம் இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: மிலேச்சன் சனாதன தர்மத்தை அழிக்கிறான் என்ற கோபம். ஜூன் 22-ல் லண்டனில் முடிசூட இருந்த ஐந்தாம் ஜார்ஜை, மாட்டுக்கறி தின்கிற மிலேச்சன் என்று கடிதம் ஏசுகிறது. ஐந்தாம் ஜார்ஜுக்கு அதில் உள்ள சொல் பஞ்சமன். 'பஞ்சமன்' என்றால் வடமொழியில் ஐந்தாமவன், அவ்வளவுதான் என்று ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும். சொன்னவன் மனசுக்குள் இறங்கிப் பார்க்க நமக்கு ஏணி இல்லை. ஆனால் அந்நாளில் சர்க்கார் காகிதத்திலேயே 'பஞ்சமர்' என்பது நம்ம பேர். ராஜாவைக் கேவலப்படுத்த மாட்டுக்கறியும் அந்தச் சொல்லும் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. அந்தக் கடிதத்தை வாசிக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைக்கு, சுடப்பட்டது துரைதான் என்றாலும் ஏசப்பட்டது யார் என்று விளங்காதா?

அதாவது தோழர்களே, நமக்கு வேண்டிய சாட்சி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. எவரும் மறுக்க முடியாத, கோர்ட்டு ஏறிய காகிதம். பல வருஷமாகப் பள்ளிக்கூட மேடையில் வாஞ்சியை வீரனாக்கிய தேசபக்தர்கள் கடிதத்தில் நாடு என்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மாட்டுக்கறி என்கிற பாதியைக் கத்தரித்தார்கள். அது ஒரு பொய்சாட்சி. பாதியை மறைப்பதும் பொய்சாட்சிதானே. நாம் செய்திருக்க வேண்டியது, மறைத்த பாதியை வெளியே எடுத்து வைப்பது. செய்தது என்ன? மறைத்த பாதியை அப்படியே விட்டுவிட்டு, இல்லாத வண்டி ஒன்றைப் பூட்டி ஓட்டினோம். கையில் இருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, அட்டையில் வெட்டின கத்தியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போன கதை. டீக்கடை மனுஷர் அட்டைக் கத்தியைத்தான் பிடித்து முறித்தார்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-லிருந்தே 'தமிழன்' பத்திரிகையை வாராவாரம் நடத்திக்கொண்டிருந்தார். சுதேசியம் பேசுகிறவர்களே, சாதியை வைத்துக்கொண்டு யாருக்கு சுயராஜ்யம் கேட்கிறீர்கள் என்ற கேள்வியை அவர் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேர்ப்பதில் வரவில்லை. அதைக் கேட்க அவருக்குப் பிரசவ வண்டி எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு ஏன் நம்பினோம்? நானே ஏன் நம்பினேன்? வலி உண்மை, அதுதான் காரணம். அக்கிரகாரத்துக்குள் நடக்க முடியாமல் சுற்றிப்போன கால்கள் உண்மை. பிரசவத்துக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போகும்போது ஊர்த்தெரு வழி கிடைக்காத அனுபவம் நம்மில் எத்தனை வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டது! அந்தக் கிழவி கண்ணைத் துடைத்தது ஆஷுக்காக அல்ல. தனக்காக ஒரு வண்டி ஒருநாளாவது நின்றதே என்று. அந்த ஏக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஏக்கத்தை மைக்கில் சரித்திரமாக விற்ற என்னைத்தான் சொல்லுகிறேன்.

எங்க கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக 1961-ல் நடந்தது) சிப்பியைத் திறக்காமலே ஏலம் போடுவார்கள். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று. முன்னாடியே கொஞ்சம் சிப்பியை எடுத்துத் திறந்து மதிப்புப் பார்த்து வைப்பார்கள். ஆனால் ஏலக்களத்தில் ஒருத்தன் குரல் ஏற, இன்னொருத்தன் ஏற்ற, மதிப்பெல்லாம் காற்றில் போய்விடும். நேற்று ஒருத்தனுக்குப் பெரிய முத்து கிடைத்ததாம் என்ற ஒரு சொல் போதும். வாங்கினவன் அதை அழுகவிட்டு, ஈயும் புழுவும் மொய்க்கிற அந்த நாற்றத்தில் கையைவிட்டுக் கழுவிப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்பது தெரியும். ஏலம் கேட்கிற உற்சாகம் எல்லோருக்கும் வரும். நாற்றத்தில் கைவிட ஆள் கிடைக்கமாட்டான்.

கொடியங்குளத்தில் அந்த நாற்றத்தில் நின்றவர்கள் நம்ம சனம். மணியாச்சியும் கொடியங்குளமும் ஒரே ஒட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல். ஒட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர், 1995-ல் மாவட்டத்துக்கே அவர் பேர்தான், வ.உ. சிதம்பரனார் மாவட்டம். அந்த வருஷம் ஜூலைக் கடைசியில் வீரசிகாமணியில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நம்ம பிள்ளைகளுக்கும் மறவர் சாதியைச் சேர்ந்த ஒரு பஸ் டிரைவருக்கும் தகராறு. பஸ்ஸோடு முடிந்திருக்க வேண்டியது. போஸ்டர் வந்தது, நோட்டீஸ் வந்தது, பள்ளர்களைத் தீர்த்துக்கட்டு என்கிற பாஷையில். யார் அச்சடித்தது என்பதைவிட, வாசித்த ஆயிரம் பேரில் ஒருவர்கூட இது உண்மையா என்று கேட்கவில்லையே, அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. இரண்டு பக்கமும் வெட்டு, குத்து, கொலை. ஊருக்கு ஊர் ராத்திரிக் காவல். ஒரு ஊர்க்காரன் பேரைச் சொன்னாலே அவன் கொலைகாரன் என்கிற நிலை.

அந்தக் காய்ச்சலில்தான் ஆகஸ்ட் 31 வந்தது. அறுநூறு பேர் கொண்ட போலீஸ் படை பட்டப்பகலில் கொடியங்குளத்துக்குள் இறங்கியது. கொலைக் குற்றவாளிகளைத் தேடி வந்தோம் என்றார்கள். குற்றவாளியைத் தேடுகிறவன் டி.வி. பெட்டிக்குள்ளேயா தேடுவான்? தையல் மிஷினுக்குள்ளேயா? மின்விசிறியை ஏன் உடைக்க வேண்டும்? தானியத்தை ஏன் கொட்ட வேண்டும்? ஊர்க்கிணற்றில் விஷம் கலந்தார்கள். நகையும் பணமும் போயின. குவைத்துக்கும் துபாய்க்கும் போய்ச் சம்பாதித்துக் கொஞ்சம் நிமிர்ந்த ஊர் அது. நிமிர்ந்ததுதான் குற்றம். பாஸ்போர்ட்டுகளைக் கொளுத்தினார்கள், படித்த பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகளைக் கொளுத்தினார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டி.வி.யை உடைப்பது பொறாமை. காகிதத்தைக் கொளுத்துவது வேறு புத்தி. நீ யார், எங்கே போனாய், என்ன படித்தாய் என்பதற்கு உன்னிடம் உள்ள சாட்சியைத் தீயில் போட்டுவிட்டு, பிறகு விசாரணைக் கமிஷன் முன்னால் நிறுத்தி, உனக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்பது! நீதிபதி கோமதிநாயகம் கமிஷன் அப்படித்தான் வந்தது, போலீசைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டுப் போனது. சர்க்கார் நிவாரணமாகப் பதினேழு லட்ச ரூபாய் என்றது. ஊர்சனம் வேண்டாம் என்று திருப்பிவிட்டது. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நேரத்தில் திருப்பிவிட்டது. பணத்தை வாங்கிக்கொண்டால் நடந்ததை வெறும் சேதக் கணக்காக ஒத்துக்கொண்டதாகும் என்ற விவரம் அந்தச் சனத்துக்கு இருந்தது.

2021-ல் 'கர்ணன்' படம் வந்தபோது அதைக் கொடியங்குளத்தோடு சேர்த்தே எல்லோரும் பேசினார்கள். படத்தில் முதலில் போட்ட வருஷம் 1997. நடந்த வருஷத்தில் எந்தக் கட்சி ஆட்சி, படம் காட்டுகிற வருஷத்தில் எந்தக் கட்சி ஆட்சி என்று சண்டை வந்து, வருஷத்தைத் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். சினிமாவுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்த கல்லூரிப் பிள்ளைகள் கொடியங்குளம் எப்போ நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள். 1995 ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை. இதை நம்ம பிள்ளைகளாவது தப்பில்லாமல் சொல்ல வேண்டாமா?

வெறிக்கு இவ்வளவு பெரிய காரணம்கூடத் தேவையில்லை, ஒரு பேர்ப்பலகை போதும். 1997-ல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்த, இதே சீமைக்காரர், நம்ம சாதி. அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். கடைசியில் அரசு எல்லாத் தலைவர் பேரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அதில்தான் வ.உ.சி. மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. சாதித் தகராறை முடிக்கிறோம் என்று பெயிண்டால் அழித்தார்கள், அவ்வளவுதான்.

சாட்சி என்கிற சொல்லைக் கேட்டால் நம்ம பெரியவர்களுக்கு ஒரு கசப்புச் சிரிப்பு வரும். காரணம் இருக்கிறது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி நாற்பத்து நான்கு பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்தது. உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். நாற்பத்து நாலு கரிக்கட்டையைவிட ஒரு காருக்குச் சாட்சி மதிப்பு அதிகம். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போய்த் தாமிரபரணியில் பதினேழு பேர் செத்தபோதும், வந்த கமிஷன் போலீஸ் மேல் பழி போடவில்லை. இவ்வளவு நடந்த பிறகு, உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டான், கதையைச் சொல்லி நம்ம சனத்தையாவது எழுப்புவோம் என்று தோன்றுவது இயற்கை. எனக்கும் தோன்றியதுதானே?

ஆனால் மேலவளவையும் நினைத்துப் பாருங்கள். 1997 ஜூன் 30-ல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனோடு ஏழு பேரைப் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் மிரட்டலுக்கு நடுவே, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள். கூடவும் சொல்லவில்லை, குறையவும் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில் நின்றார்கள். 2001-ல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. தண்டனை பெற்றவர்களைப் பிறகு முன்கூட்டியே விடுதலை செய்தது வேறு அக்கிரமம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அந்தச் சாட்சிகளில் யாராவது ஒருவர், கூட்டத்தில் கைதட்டல் வாங்க நான் செய்ததுபோல், வெட்டிய ஆளோடு வெட்டாத ஆளையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு ஓட்டையில் மொத்த வழக்கையும் இழுத்துப் போயிருப்பார்.

அவனுக்கு ஒரு பொய் போனால் இன்னொரு பொய் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, கார் இருக்கிறது. நம்மிடம் இருப்பது சொல் ஒன்றுதான். அதனால்தான் ஆஷ் கதையைச் சின்னத் தப்பு என்று என்னால் தள்ள முடியவில்லை.

போன ஏப்ரலில் அதே தெருவில் கூட்டம். சட்டக் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் எனக்கு முன்னால் பேசினான். பேசினது ஆஷ் கதை. நான் அன்று சொன்ன அதே ஏற்ற இறக்கம்கூட இருந்தது. என்னிடம் கேட்டதையே யாரிடமோ கேட்டு, அவன்வரை வந்திருக்கிறது போல. இறங்கி வந்ததும், "எப்பிடிண்ணே இருந்துச்சு?" என்றான். கதை பொய், முதலில் இந்தத் தெருவில் சொன்னவன் நான் என்றேன். முகம் செத்துவிட்டது. "அப்போ வாஞ்சி நல்லவனா?" என்று கேட்டான். பையிலிருந்த கடித நகலைக் கொடுத்தேன். மேடை ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றபடியே வாசித்தான். மாட்டுக்கறி வரியில் ஒருமுறை நின்றான், பஞ்சமன் வரியில் இரண்டு முறை.

"செங்கோட்டை திருவிதாங்கூர்லயாண்ணே இருந்துச்சு?"

கூட்ட நோட்டீஸின் பின்பக்கத்தில் எல்லைக் கோட்டை வரைந்து காட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மைக் செட்காரர் கிளம்புவதற்குள் இன்னும் ஐந்து நிமிஷம் பேச விடுவாரா என்று கேட்கப் போனான்.